அழுதது போதும், எழுந்ததை எழுதுக!

சோழபுரத்துத் தெருத் திண்ணையொன்றில் மாலைதோறும் கூடும் இளைஞர் சிலர் அண்மையில் ஒரு திரைப்படம் பார்த்தனர். திரையரங்கு தேடி இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மிதிவண்டியில் போன காலம் கழிந்து, உலகத் திரைப்படம் முழுவதும் உள்ளங்கைக்குள் வந்துவிட்ட காலம் இது. அவர்கள் பார்த்தது 1987ஆம் ஆண்டில் சாக் கோல்டு என்பார் இயக்கிய ஆங்கிலப் படம். இட்லரின் படைஞர் போலந்து நாட்டில் அமைத்திருந்த சோபிபோர் என்னும் கொலைக்களத்தில், சாகக் காத்திருந்த யூதர் ஒருநாள் திரண்டெழுந்து காவலரைக் கொன்று வேலியை உடைத்து வெளியேறிய வரலாறு அப்படத்தின் பொருள். படம் முடிந்தபின் நெடுநேரம் எவரும் பேசவில்லையாம். பிறகு ஒருவர் கேட்டார்: "நம்மவர் எவராவது இப்படி உள்ளேயிருந்து எழுந்ததுண்டா?"

விடை சொல்ல அங்கு ஆளில்லை. வெலிக்கடை என்ற பெயர் மட்டும் ஒருவர்க்குத் தெரிந்திருந்தது. "அங்கே நம்மவரை வெட்டினார்கள், கண்ணைத் தோண்டினார்கள்" என்றார். அதற்குமேல் அவர்க்கும் தெரியவில்லை. அவ்விளைஞரைக் குறைகூற வழியில்லை. அவர்க்குக் கற்பித்தவர் அந்த அளவில்தான் கற்பித்தனர். மேடையில் முழங்கியவரும் அந்த அளவில்தான் முழங்கினர்.

இத்தனைக்கும், சோழபுரத்தில் பேருந்து ஏறி இராசபாளையத்தைக் கடந்து திருவில்லிபுத்தூர்ச் சாலையில் சென்றால் மொட்டமலை வரும். அங்கே ஈழத்திலிருந்து வந்த தமிழர் குடியிருக்கின்றனர். 1983 சூலைக்குப் பின் அலையலையாகக் கடல் கடந்து வந்தோர்க்கென இந்நாட்டில் அமைந்த நூற்றுக்கு மேற்பட்ட இருப்பிடங்களுள் அஃதொன்று. ஏதிலியர் முகாம் என்று வழங்கிவந்த பெயரைத் தமிழ்நாட்டரசு 2021இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறியது நன்றே. 'முகாம்' என்னும் அரபுச் சொல் மட்டும் மாறவில்லை.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஈண்டு ஒன்று கூறிவிடலாம். சோபிபோர் போன்ற இடங்களைத் தமிழ்த்தாளிகைகள் 'மரண முகாம்' என்றும் 'வதை முகாம்' என்றும் எழுதுகின்றன. மரணமும் வதையும் வடசொற்கள். அதைக் கண்டு சிலர் 'சாவுப்பாசறை' என்று மாற்றி எழுதினர். பாசறை தமிழ்ச்சொல்தான், ஆனால் அது போர்மேற் சென்ற வேந்தன் படையோடு தங்கும் இடம், முல்லைப்பாட்டு விரித்துரைக்கும் பெருமைக்குரிய பெயர். படைக்கலம் இல்லாத முதியோரையும் மகளிரையும் பிள்ளைகளையும் அடைத்துக் கொல்லும் குழிக்கு அப்பெயரைக் கொடுப்பது சொல்லுக்கே இழைக்கும் தீங்கு. கொலைக்கொட்டடி என்று எழுதினால் பொருள் எவர்க்கும் விளங்கும். நல்ல சொல்லும் கறைபடாது.

இனிச் சோபிபோரில் நடந்ததைக் காண்போம். போலந்தின் கீழைக்கோடியில், காட்டுக்கு நடுவே, தொடர்வண்டித் தடத்தை ஒட்டி 1942 மே திங்களில் அக்கொட்டடி இயங்கத் தொடங்கியது. வேலை வாங்குவதற்காக அமைந்ததன்று அது, கொல்வதற்கென்றே கட்டப்பட்டது. வண்டியிலிருந்து இறக்கப்பட்டோர் பெரும்பாலும் ஒருசில நாழிகைக்குள் ஆடை களையப்பெற்று, பொறியின் நச்சுப்புகை நிரப்பிய அறைக்குள் மாண்டனர். ஒன்றரையாண்டு காலத்தில் அங்குக் கொல்லப்பட்டோர் 1,70,000 முதல் 2,50,000 வரை இருப்பர் என்று வரலாற்றாளர் கணக்கிடுவர். தையல், தச்சு, பொன்வேலை, செருப்புவேலை தெரிந்த சில நூற்றுவர் மட்டும் காவலரின் தேவைக்காக உயிரோடு விடப்பட்டனர். அவர்களும் இன்று போவோமோ நாளை போவோமோ என்றிருந்தவர்களே.

அவருள் இலியோன் பெல்தெந்துலர் என்பவர் போலந்து யூதர்; நெடுநாளாகத் தப்பும் வழியை எண்ணிக்கொண்டிருந்தவர். ஆனால் அவர்க்கோ உடனிருந்தவர்க்கோ போர்ப்பயிற்சி இல்லை. 1943 செப்தம்பரில் மின்சுகு நகரிலிருந்து வந்த வண்டியில் உருசியப் படையைச் சேர்ந்த யூதர் சிலர் வந்தனர். அவருள் அலெக்சாண்டர் பெச்செர்சுகி படைத்தலைமை அறிந்தவர். அவர் வந்த மூன்று கிழமைக்குள் எல்லாம் முடிவாயிற்று. மேலதிகாரிகள் சிலர் விடுப்பில் போயிருந்த வேளை பார்த்து, அக்தோபர் 14ஆம் நாள் பிற்பகல், செருமானியக் காவலர் ஒவ்வொருவராகப் பட்டறைகளுக்கு அழைக்கப்பட்டனர். ஒருவனுக்குப் புதிய தோல் மேலங்கி தைத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினர். வேறொருவனுக்குப் புதிய மிதியடி. மேலங்கியின் கைக்குள் கையை நுழைத்தவன் பின்னால் கோடரியோடு ஒருவர் நின்றார். எவர் பொருளைப் பறித்துத் தின்றார்களோ அவர்தம் பேராசையே அவர்க்குக் கண்ணியாயிற்று. ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

பிறகு திட்டம் பிசகிற்று. மாலை அணிவகுப்பில் எல்லாரையும் ஒழுங்காக வாயில் வழியே நடத்திச் செல்ல எண்ணியிருந்தனர். அதற்குள் செய்தி வெளிப்பட்டுக் குண்டுகள் பாய்ந்தன. அன்று அங்கிருந்த சிறையாளர் ஏறத்தாழ 600 பேர். கண்ணிவெடி புதைத்த வெளியையும் முள்வேலியையும் கடந்து ஏறத்தாழ 300 பேர் காட்டை அடைந்தனர். வேட்டையாடிப் பிடிக்கப்பட்டோரும் காட்டில் இறந்தோரும் போக, போர் முடியும் நாளைக் கண்டவர் ஏறத்தாழ 50 பேரே. அந்த ஐம்பதின்மர் இல்லையேல் சோபிபோர் என்ற பெயரே உலகுக்குத் தெரிந்திராது. ஏனெனில் எழுச்சிக்குப்பின் நாட்சியர் அக்கொட்டடியை இடித்துத் தரைமட்டமாக்கி அதன்மேல் மரக்கன்று நட்டுவிட்டனர். புகையறைகளின் அடித்தளத்தை அகழ்வாய்வாளர் தோண்டிக் கண்டது 2014ஆம் ஆண்டில்தான்.

படத்தில் நெஞ்சைவிட்டு அகலாத காட்சி எழுச்சியன்று. அதற்குமுன் ஒருகால், காட்டில் மரம்வெட்டப் போன சிறுகுழு ஒன்று தப்ப முயல்கிறது. பிடிபட்டவர் பதின்மூவர். அவர் ஒவ்வொருவரும் தம்மோடு சாவதற்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காவலன் ஆணையிடுகிறான். சிலர் தப்பினால் எஞ்சியவர் சாவர் என்பதை அன்று எல்லாரும் கண்ணால் கண்டனர். அதன்பின் அங்கே எழுந்த முடிவு, போனால் எல்லாரும் போவது என்பது. வலுவுடையவர் சிலர் மட்டும் ஓடிப்போவது எளிது. அப்படிப் போவதில்லை என்று முடிவெடுத்தனர். முதியவரையும் நோயாளரையும் மகளிரையும் சேர்த்து 600 பேர்க்கும் ஒரே வாய்ப்பு. எழுச்சியின் உயிர்நிலை அந்த முடிவிலிருந்தது. கோடரியும் கத்தியும் அதன்பின் வந்தவை.

இப்படத்தில் பெருங்குறை ஒன்றுமுண்டு. தமிழ்ப்பற்றுடையோர் அதைத்தான் முதலில் காண்பர். போலந்து யூதரும் உருசியரும் ஒல்லாந்தரும் செருமானியரும் ஒருவர் விடாமல் ஆங்கிலம் பேசுகின்றனர்! உண்மையில் பெச்செர்சுகிக்கு உருசிய மொழி தெரியும். மற்றவர் பேசிய இத்தியம் தெரியாது. பெல்தெந்துலரோடு சூழ்ச்சி செய்வதற்கு இடையே ஒருவர் மொழிபெயர்த்தார். ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்தவரோடு பேச இன்னொரு மொழி வேண்டியிருந்தது. ஒரு சொல் பிறழ உணர்ந்தால் 600 உயிர் போகும் என்ற நிலையில், மொழி தெரியாத இருவர் ஒருவரையொருவர் நம்பினார்களே, அந்த அருமை முழுவதையும் ஆங்கிலம் மூடிவிட்டது. 2018இல் உருசியர் எடுத்த இன்னொரு சோபிபோர்ப் படத்தில், கபென்சுகி என்பார் இயக்கித் தாமே பெச்செர்சுகியாக நடித்தது, மொழிகள் பலவும் ஒலிக்கின்றன. குருதியும் கொடுமையும் அதில் அளவுக்கு மிஞ்சியிருப்பினும் இந்த ஒன்றில் அது நேர்மையானது. இத்தியம் நூறாயிரக்கணக்கான வீடுகளில் தாலாட்டாகவும் சண்டையாகவும் வணிகமாகவும் வழங்கிய மொழி. இதழும் நாடகமும் பாட்டும் உடைய மொழி. கொல்லப்பட்ட யூதருள் பெரும்பகுதியினர்க்கு அதுவே தாய்மொழி. பேசுவோர் போனபின் மொழி தேய்ந்தது. மொழிக்கொலை எப்படி நடக்கும் என்று கேட்போர்க்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இனிச் சோழபுரத்து இளைஞரின் கேள்விக்கு வருவோம். நம்மவர் எவராவது உள்ளேயிருந்து எழுந்ததுண்டா?

எழுந்ததுண்டு. 1983 சூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் சிங்களப் படைஞர் 13 பேர் இறந்தனர். மறுநாள் இரவு கொழும்பில் தொடங்கிய தீ தெற்கு முழுவதும் பரவியது. 25ஆம் நாள் வெலிக்கடைச் சிறைக்குள் சிங்களச் சிறையாளர் கூட்டம் ஒன்று தமிழர் அடைபட்ட பகுதிக்குள் புகுந்து 35 பேரைக் கொன்றது. காவலரின் துணையின்றி அது நடந்திருக்க இயலாது என்பது தப்பியவர்தம் கூற்று. தமிழீழ விடுதலை இயக்கத்தின் தங்கத்துரையும் குட்டிமணியும் செகனும் அன்று மாண்டனர். முந்திய ஆண்டில் தமக்குச் சாவுத்தண்டம் விதிக்கப்பட்டபோது, மலரப்போகும் தமிழீழத்தைக் காணும்படி தம் கண்களைக் கண்ணிழந்த ஒருவர்க்குப் பொருத்துமாறு அறமன்றத்தில் கேட்டவர் குட்டிமணி. அக்கண்களே தோண்டப்பட்டன என்ற செய்திதான் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவி நிலைத்துவிட்டது.

நம் நினைவு அங்கேயே நின்றுவிட்டது. ஆண்டுதோறும் சூலை வந்தால் சுவரொட்டியில் அதே கண்கள், மேடையில் அதே கண்ணீர். ஆனால் வெலிக்கடைக்கு இரண்டாம் நாள் ஒன்று உண்டு. முதல்நாள் தப்பியவர் வேறொரு கட்டடத்துக்கு மாற்றப்பட்டனர். 27ஆம் நாள் கூட்டம் மீண்டும் வந்தது. இம்முறை நம்மவர்க்கு வருவது இன்னதென்று தெரியும். காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராசசுந்தரம் அன்று கொல்லப்பட்டார். மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தமிழரை வவுனியாப் பக்கம் குடியமர்த்திய அறவோர் அவர். மற்றவர் கைக்கெட்டிய தட்டுமுட்டுகளைக் கொண்டு எதிர்த்து நின்றனர். கதவை உள்ளிருந்து காத்தனர், ஏறிவந்தவரைத் தடுத்தனர். படைப்பிரிவொன்று வந்து கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டத்தை விலக்கும்வரை தாக்குப்பிடித்தனர். அன்று இறந்தோர் 18 பேர். இரண்டு நாளிலும் சேர்த்து 53 பேர். முதல்நாள் 35 பேர் இறந்த இடத்தில் இரண்டாம் நாள் எல்லாரும் இறக்கவில்லை என்றால், அதற்கு அந்த எதிர்ப்பே முதற்காரணம். படைப்பிரிவு வந்தது அதன்பிறகே.

தப்பியவர் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டு திங்களுக்குள், அதே ஆண்டு செப்தம்பர் 23ஆம் நாள், அச்சிறை உடைக்கப்பட்டது. அரசியற் காரணத்தால் அடைபட்ட தமிழர் 40 பேர்க்கு மேல் வெளியேறினர். வெவ்வேறு இயக்கத்தினர், எவ்வியக்கமும் சாராதோர், மருத்துவர், கிறித்தவத் துறவியர், கல்லூரி ஆசிரியர் என்று அவருள் பலர். எவர் எந்தக் காவலரைப் பிடிப்பது, எவர் வாயிலைத் திறப்பது என்று பிரித்துக்கொண்டு இயக்க வேறுபாட்டை மறந்து திட்டமிட்டனர். பலர் கடல்கடந்து தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தனர். வெலிக்கடையில் இருமுறை சாவைக் கண்டவர், மூன்றாம்முறை அது வருமுன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டனர். இதைவிட வேறென்ன கதை வேண்டும் ஒரு திரைப்படத்துக்கு?

இரண்டையும் ஒன்றென்று கூறுவது இங்கு நோக்கமன்று. சோபிபோர் ஓர் இனத்தை வேரோடு துடைக்க அமைத்த கொலைத்தொழிற்சாலை. வெலிக்கடை ஒரு நாட்டின் தலைநகரச் சிறை. எண்ணிலும் முறையிலும் இரண்டும் ஒவ்வா. ஒன்றை மற்றொன்றாக்கிப் பேசினால் கேட்பவன் முதலில் நம் கணக்கைத்தான் ஐயுறுவான். பிறகு நம் துயரையும் ஐயுறுவான். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான நஞ்சு ஒன்றுண்டு. தம்மை ஆரியர் என்று பிதற்றிக்கொண்டு பிறரை மாந்தரல்லர் ஆக்கிய நஞ்சு அது. செருமனியில் இட்லர் அதைப் பேசினான். ஈழத்தில் அநகாரிகத் தருமபாலர் காலந்தொட்டே சிங்களவர் ஆரியர் என்னும் கட்டுக்கதை வளர்க்கப்பட்டது. மொழியியல் பேசிய சொல்லை எடுத்துக் குருதிக்குப் பெயராக்கிய அறியாமை எங்கே கொண்டுவிட்டது என்பதை இவ்வியக்கத்தார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் நம்மவர்க்கும் ஒன்று உரைக்கவேண்டியிருக்கிறது. இட்லரின் தன்வரலாறு தமிழில் பெயர்க்கப்பட்டு நடைபாதைக் கடைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் விற்கிறது. வெள்ளையனை எதிர்த்தவன், கட்டுப்பாடு மிக்கவன் என்று அவனைப் போற்றும் இளைஞர் தமிழ்ப்பற்றாளரிடையேயும் இல்லாமலில்லை. ஒரு கையில் வெலிக்கடைச் சுவரொட்டி, மறுகையில் இட்லர் நூல்! சோபிபோர்ப் படத்தை ஒருமுறை பார்த்தவன் அந்நூலை அலமாரியில் வைத்திருக்க நாணுவான். இட்லர் வகுத்த வரிசையில் தமிழனுக்கு எந்த இடம் என்று அவனைப் போற்றுவோர் ஒருநாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்னொன்றும் உண்டு. சிறைக்குள் கொல்லப்பட்ட தமிழர் ஈழத்தில் மட்டுமா உளர்? 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் நடுவண் சிறையில் பொதுவுடைமைச் சிறையாளர் 22 பேர் துமுக்கிக் குண்டுக்கு இரையாயினர். சுட்டது விடுதலை பெற்ற நாட்டின் காவல்துறை. ஆண்டது கதராடை உடுத்தியோர். கொன்றவன் சிங்களவனாயின் குமுறுவதும், நம்மூர்க் காவலனாயின் வாய்மூடுவதும் இனப்பற்று ஆகாது.

இரண்டாம் நாளை நாம் ஏன் மறந்தோம்? தணிக்கைக்கு அஞ்சியென்று சொல்வர். ஈழத்தைப் பேசிய படங்கள் தணிக்கையில் இடர்ப்பட்டது உண்மை. 'காற்றுக்கென்ன வேலி' பட்ட பாடு பலர்க்கும் தெரியும். தில்லிக்கு உவக்காததைத் திரைத்துறையார் தொடமாட்டார் என்பதும் உண்மை. முதலிட்ட பணம் திரும்பவேண்டுமே என்ற கவலை அவர்க்கு. ஈழத்தமிழரின் பேச்சையே நகைச்சுவைக்குப் பயன்படுத்திய கூட்டத்திடம் இதற்குமேல் எதிர்பார்க்கவும் இயலாது.

ஆனால் இவையெல்லாம் வெளிக்காரணங்கள். நூலெழுதத் தணிக்கையில்லை, நாடகம் போடத் தில்லியின் இசைவு வேண்டியதில்லை. இருந்தும் இவ்வியக்க ஏடுகளில்கூட மட்டக்களப்புச் சிறையுடைப்பு முழுமையாக எழுதப்படவில்லை. காரணம் கசப்பானது. அன்று தோளோடு தோள் நின்று சிறைக்கதவை உடைத்தவர்தம் இயக்கங்கள் மூன்றாண்டுக்குள் ஒன்றையொன்று வேட்டையாடின. குட்டிமணியும் தங்கத்துரையும் வளர்த்த தமிழீழ விடுதலை இயக்கம் 1986 ஏப்பிரல், மே திங்கள்களில் விடுதலைப்புலிகளின் கையால் அழிந்தது. அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். சிறையை உடைத்து வந்தவருள் சிலர் பின்னாளில் எதிரணியின் பக்கமே போய்ச் சேர்ந்தனர். கதையைச் சொல்லத் தொடங்கினால் இவர் பெயர்களையெல்லாம் ஒரே ஏட்டில் எழுதவேண்டும். இன்று இரண்டகர் என்று ஏசப்படுபவன் அன்று கதவைத் தாங்கி நின்றான் என்று ஒப்பவேண்டும். அதற்கு நெஞ்சுரம் வேண்டியிருக்கிறது. எனவே அழுவது எளிதாயிற்று. இறந்தோர் எவர்க்கும் தொல்லை தருவதில்லை. எழுந்து நின்று பின்னர்ப் பிழைபட்டவர்தாம் தொல்லை.

சோபிபோரிலும் எல்லாரும் அறவோரல்லர். காட்டிக்கொடுப்போர் இருந்தனர்; காவலனின் கைத்தடியாய் நின்று தம் இனத்தாரையே அடித்தோரும் இருந்தனர். படம் அவர்களை மறைக்கவில்லை. மறைக்காததால் எழுச்சியின் பெருமை குறையவுமில்லை. பெச்செர்சுகிக்கோ, போருக்குப்பின் அவர் நாடே பெருமை செய்யவில்லை. வேலை பறிக்கப்பட்டு நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்து 1990இல் மறைந்தார். பெல்தெந்துலர் 1945ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற போலந்தின் உலுபிளின் நகரில் கொலையுண்டார். இவையும் எழுதப்பட்டன. எழுதியவர் தப்பியவரே. அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் அவர்களுள் பலரை நேரிற் கண்டு கேட்டு 1982இல் வெளியிட்ட நூலிலிருந்துதான் படம் பிறந்தது. தப்பியவருள் இருவர் படப்பிடிப்புக்கு உடனிருந்து பிழை திருத்தினர்.

அச்சான்றுரைகள் திரைக்கு மட்டும் பயன்படவில்லை. மேற்குச் செருமனியின் ஆகன் நகரில் 1965இல் தொடங்கிய வழக்கில் சோபிபோர்க் காவலர் கூண்டில் நின்றனர். 1966இல் பிரென்சல் என்பவனுக்கு வாழ்நாள் தண்டனை கிடைத்தது. பிரேசிலில் ஒளிந்திருந்த வாக்னர் என்பவனை 1978இல் அடையாளம் காட்டியவர் சோபிபோரில் சிறுவனாய்ப் பொன்வேலை செய்தவர். 2011ஆம் ஆண்டில்கூட, அக்கொட்டடியில் காவலனாயிருந்தான் என்று தெமியானியுக்கு என்னும் 91 அகவைக் கிழவனுக்கு மியூனிக்கு அறமன்றம் தண்டனை வழங்கியது. அறுபத்தெட்டு ஆண்டுக்குப் பின்! வெலிக்கடையில் நடந்தவை கொலைகளே என்று அன்றைய உசாவலே கூறிற்று. கொலைஞர் எவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. 2004இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சந்திரிகா 1983 கொடுமைக்காக வாயளவில் மன்னிப்புக் கேட்டார், அத்தோடு சரி.

வெலிக்கடையில் தப்பியவர் 19 பேர் என்பர். ஆண்டுகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. காந்தியம் அமைப்பை இராசசுந்தரத்தோடு நடத்திய கட்டடக்கலைஞர் தாவீது அவருள் ஒருவர்; மட்டக்களப்பிலிருந்து தப்பித் தமிழகம் வந்து முப்பதாண்டுக்குமேல் சென்னையில் ஏதிலியாய் வாழ்ந்தார். தலைநகரில், தமிழியக்கங்களின் அலுவலகங்களுக்கு நடுவே, முப்பது ஆண்டு! அவரிடம் போய் அமர்ந்து நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் இந்நேரம் நான்கு தொகுதி நூல் இருந்திருக்கும். அவர் 2015இல் கிளிநொச்சிக்குத் திரும்பி அங்கேயே கண்மூடினார்.

ஆகவே திரைத்துறையைக் கெஞ்சிப் பயனில்லை. படம் பிறகு வரட்டும். முதலில் சான்றுரை வேண்டும். மொட்டமலையில் இருப்போர் வெலிக்கடையில் இருந்தவர்களல்லர் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சூலையைக் கண்டவர், கொழும்பில் கடை எரிந்தவர், மலையகத்தில் துரத்தப்பட்டவர், மன்னாரில் படகேறியவர், உறவினரைச் சிறையில் இழந்தவர் என்று அங்குள்ள முதியோர் ஒவ்வொருவரிடமும் ஒரு வரலாறு இருக்கும். எவர் கதவைத் திறந்துவிட்டார், எவர் மறைத்து வைத்தார், எந்தச் சிங்களக் குடும்பம் சோறிட்டது, எந்தத் தமிழன் காட்டிக்கொடுத்தான் என்று எல்லாம் கேட்கவேண்டும். நமக்கு உவப்பான விடையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவரக் கூடாது.

எழுதுகையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இவ்வேட்டில் இதைக் கூறுவது சிலர்க்கு வியப்பாயிருக்கும். அவர்கள் சொல்வதைத் திருத்தி எழுதலாகாது. ஈழத்து மூதாட்டி 'சப்பாத்து' என்றால் சப்பாத்து என்றே எழுதுக. 'ஆமி வந்தவன்' என்றால் ஆமி என்றே எழுதுக. நம் கட்டுரையில் பிறசொல் களைவது நம் கடன். சான்று சொல்பவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பது, போலந்து யூதரை ஆங்கிலம் பேசவைத்த அதே பிழை. நாள், இடம், பெயர் ஆகியவற்றை அவர் சொன்னபடியே பதிந்து, ஐயமுள்ளவற்றை வேறொருவரிடம் கேட்டு ஒத்துப் பார்க்கவேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம் மேடைகளில் வளர்ந்துவிட்டது. 53 என்பதை 530 ஆக்கினால் அந்த 53 பேரையும் மீண்டும் ஒருமுறை கொன்றதாகும்.

சோழபுரத்து இளைஞர் படம் பார்த்த அந்தக் கைப்பேசியிலேயே ஒலி பதியும் பொறியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கட்கு வேலையில்லை. காலையில் இராசபாளையத்துக்குப் பேருந்து ஏறினால், அங்கிருந்து வண்டி மாறி, வெயில் ஏறுமுன் மொட்டமலையில் இறங்கிவிடலாம்.